சிறு முதலில் ஒரு சித்திரக்கதை இதழ்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இங்கிலாந்தில் சவுத்போர்ட் நகரை ஒட்டிய பர்க்டேலில் மார்கஸ் மாரிஸ் என்றொரு பாதிரியார் இருந்தார். தம் சபைக்கான சிற்றிதழைக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்த்து, 'ஆன்வில்' என்ற பெயரில் ஊர் தாண்டிப் போகும் பத்திரிகையாக்கினார். பெயர் கிடைத்தது, கூடவே கடனும் ஏறியது. அமெரிக்காவிலிருந்து வந்த பயங்கரப் படக்கதைகள் பிள்ளைகள் கையில் புழங்குவதைக் கண்டித்து 1949-ல் ஒரு ஞாயிறு இதழில் கட்டுரை எழுதினார். எழுதியதோடு நிறுத்தவில்லை. ஃபிராங்க் ஹாம்ப்சன் என்ற இளம் ஓவியரைச் சேர்த்துக்கொண்டு, தாம் விரும்பும் இதழ் எப்படி இருக்கும் என்று காட்ட ஒரு மாதிரி தயாரித்தார். நம் அச்சகங்களில் 'டம்மி' என்பார்களே, அதுதான். அதைக் கையில் வைத்துக்கொண்டு லண்டன் பதிப்பாளர்களின் படியேறி இறங்கினார். கடைசியில் ஹல்டன் பிரஸ் எடுத்துக்கொண்டது.

1950 ஏப்ரல் 14-ல் 'ஈகிள்' வார இதழ் வந்தது. 20 பக்கம், விலை 3 பென்ஸ். முதல் இதழ் ஏறக்குறைய 9 லட்சம் பிரதி போனது. முதல் பக்கத்தில் 'டேன் டேர்' என்ற விண்வெளி வீரன். அந்தக் கதைக்குத் தொடக்கத்தில் அறிவியல் ஆலோசனை சொன்னவர் ஆர்தர் சி. கிளார்க். ஓவியர்கள் வேலை செய்த இடமோ சர்ச்டவுனில் இருந்த ஒரு பழைய பேக்கரிக் கட்டடம். இதழின் நடுப்பக்கத்தில் வந்ததுதான் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெரிய விருந்து: ஆஷ்வெல் உட் வரைந்த வெட்டுத்தோற்றப் படங்கள். ரயில் எஞ்சின், விமானம், கப்பல் என்று ஒவ்வொன்றையும் நடுவே பிளந்து உள்ளே இருக்கும் உறுப்புகளை எண் போட்டுக் காட்டினார். பாடப்புத்தகத்தில் நாலு பத்தி படித்தாலும் பிடிபடாதது அந்த ஒரு படத்தில் பிடிபட்டது.

மாரிஸிடம் அப்போது இருந்தவை கடனும் ஒரு டம்மியும்தான். ஹல்டனிடம் அச்சு வசதியும் விநியோக வலையும் இருந்தன. 'பிக்சர் போஸ்ட்' என்ற பெரிய இதழை நாடு முழுக்கக் கொண்டுசேர்த்த நிறுவனம் அது. இந்த இரண்டும் ஒன்றுசேராமல் 'ஈகிள்' பிறந்திருக்காது. சிறு முதலில் இதழ் தொடங்க நினைப்பவர் முதலில் கவனிக்க வேண்டிய செய்தி இதுவே. எந்தப் பணத்தில் வரைவது என்ற கேள்விக்கு முன்னால், பிள்ளை கைக்கு இதழை யார் கொண்டுபோய்க் கொடுப்பார் என்ற கேள்விக்கு விடை வேண்டும்.

நல்லெண்ணம் மட்டும் போதாமல் போனது

அதற்குச் சில ஆண்டுகள் முன்பே அமெரிக்காவில் இரண்டு முயற்சிகள் நடந்தன. 'பேரன்ட்ஸ்' இதழை நடத்திய ஜார்ஜ் ஹெக்ட் 1941-ல் 'ட்ரூ காமிக்ஸ்' தொடங்கினார். தலைவர்கள், விஞ்ஞானிகள், போர் வீரர்கள் ஆகியோரின் உண்மைக் கதைகள் மட்டும். தொடக்கத்தில் நன்றாக விற்றது. 1950 வரை ஓடி நின்றது. மேக்ஸ் கெயின்ஸ் 'எஜுகேஷனல் காமிக்ஸ்' என்றே நிறுவனத்துக்குப் பெயர் வைத்து விவிலியம், அறிவியல், உலக வரலாறு எல்லாவற்றையும் படக்கதையாக்கினார். 1947-ல் படகு விபத்தில் அவர் இறந்தபோது நிறுவனம் நஷ்டத்தில் இருந்தது. மகன் வில்லியம், நிறுவனப் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டு 'என்டர்டெய்னிங் காமிக்ஸ்' என்று மாற்றினார். பேய்க்கதைகள் போட்டார். 1952-ல் 'மேட்' இதழ் அங்கிருந்துதான் வந்தது. அப்பா பாடம் நடத்திய கடையில் மகன் பாடத்தையே கேலி செய்து பிழைத்தார்!

அந்தப் பாடப் படக்கதைகளில் பல பக்கங்களில் ஒருவர் நின்று பேசுவார், மற்றவர் கேட்பார். படத்தை மறைத்துவிட்டு எழுத்தை மட்டும் படித்தாலும் ஒன்றும் குறையாது. அப்படியானால் படம் எதற்கு?

கார்க்களாக்காரர் ஒருவரின் கணக்கு

நம் நாட்டில் இந்தத் துறையை உருவாக்கியவர் அனந்த் பை. கர்நாடகத்தின் கார்க்களாவில் 1929-ல் பிறந்தவர். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து மும்பைக்கு வந்தவர். வேதித் தொழில்நுட்பம் படித்தவர். 1954-ல் 'மானவ்' என்ற சிறுவர் இதழைத் தொடங்கினார், அது ஓடவில்லை. பிறகு டைம்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தில் சேர்ந்தார். 1964-ல் அங்கே 'இந்திரஜால் காமிக்ஸ்' தொடங்கியபோது வேதாளனின் (ஃபேன்டம்) கதைகளைப் போடலாம் என்று யோசனை சொன்னவர் அவர்தான்.

1967-ல் தில்லியில் ஒரு கடையின் தொலைக்காட்சியில் ஓடிய வினாடி வினா அவர் போக்கை மாற்றியது. கிரேக்கத் தேவர்களின் பெயரைச் சொன்ன பிள்ளைகளுக்கு ராமனின் தாய் யாரென்று தெரியவில்லை. இது பலரும் கேட்டிருக்கும் கதை. அதைவிடக் கவனிக்க வேண்டியது அவர் வளர்த்த தொடர் தொடங்கிய விதம். இந்தியா புக் ஹவுஸ் வெளியிட்ட 'அமர் சித்திரக் கதை'யின் முதல் 10 எண்கள் கன்னடத்தில் வந்தவை. மேலைநாட்டுச் சிறுவர் கதைகளின் மொழிபெயர்ப்புகள். சொந்தச் சரக்கு 11-ஆம் எண்ணில், ராம் வாயிர்க்கர் வரைந்த 'கிருஷ்ணா'வில்தான் தொடங்குகிறது.

முதல் சில ஆண்டுகள் விற்பனை மந்தமாகவே இருந்தது. படக்கதை என்றாலே படிப்பைக் கெடுப்பது என்று நினைத்த காலம். புத்தகக் கடைக்காரர்கள் அடுக்கத் தயங்கினார்கள். பள்ளிகளோ வாசலோடு நிறுத்தின. அனந்த் பை பள்ளிகளை நோக்கியே போனார். வினாடி வினா நடத்தினார், ஆசிரியர்களைச் சந்தித்தார். 1978-ல் தில்லியில் பள்ளிக் கல்வியில் சித்திரக்கதையின் இடம் பற்றிக் கருத்தரங்கம் நடந்தது. 1970களின் இறுதியில் ஆண்டுக்கு 50 லட்சம் பிரதிகள் விற்கும் நிலை வந்தது. ஆசிரியர் 'வாங்கிப் படி' என்று சொன்ன பிறகே அப்பா சட்டைப்பைக்குள் கைவிட்டார்.

1980-ல் வந்த 'டிங்கிள்' இன்னொரு வகையில் முன்மாதிரி. புராணமும் வரலாறும் விட்டு, நாட்டுப்புறக் கதை, விலங்குகள், அறிவியல் என்று அகலமாகப் போனது. 'அனு கிளப்' என்ற தொடர் பௌதிகத்தையும் வேதியியலையும் வீட்டுப் பொருள்களை வைத்துச் செய்து காட்டியது. வாசகர்களே கதை அனுப்பலாம். வந்த கடிதங்களுக்கு 'அங்கிள் பை' என்று கையெழுத்திட்டுப் பதில் போகும். திருச்சி வாசகர் ஒருவர் அனுப்பிய நாட்டுப்புறக் கதையிலிருந்துதான் 1983-ல் சுப்பாண்டி பிறந்தான். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்த இதழைத் தாங்கும் பாத்திரம் ஒரு தபாலில் வந்தது. கதாசிரியர்களுக்குக் கொடுக்கப் பணம் குறைவாக உள்ள இதழுக்கு இதைவிடத் தெம்பு தரும் சேதி கிடையாது.

தமிழில்

1980களில் வாண்டுமாமாவின் ஆசிரியப் பொறுப்பில் 'பூந்தளிர்' வந்தது. 'டிங்கிள்' கதைகள் அதில் தமிழ் உடுத்தின. காக்கை காளி, வேட்டைக்கார வேம்பு, சுப்பாண்டி ஆகியோரைத் தமிழ்ப் பிள்ளைகள் வெளியூர்க்காரர்களாக நினைக்கவே இல்லை. கதையும் படமும் ஏற்கெனவே தயார் என்பதால், மொழியில் கவனம் வைக்க வாண்டுமாமாவால் முடிந்தது.

சிவகாசியின் முத்து காமிக்ஸும் அப்படியே. 1972-ல் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கியது. இங்கிலாந்தின் ஃப்ளீட்வே கதைகளுக்கு உரிமை வாங்கி, மலிவுத் தாளில், பையில் அடங்கும் அளவில் போட்டார்கள். 1984-ல் லயன் காமிக்ஸ் சேர்ந்தது. அவை பாடம் சொல்ல வந்தவை அல்ல. ஆனாலும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாறிய எத்தனையோ பேரை முழுப் புத்தகம் படிக்கவைத்தவை. அண்மைக் காலத்தில் அந்நிறுவனம் முகவர்களை மட்டும் நம்பாமல் சந்தா, புத்தகக் காட்சி, இணையவழி விற்பனை என்று மாறிக்கொண்டது. எத்தனை பேர் வாங்குவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்தால் அத்தனை பிரதி மட்டும் அடிக்கலாம். கட்டுக்கட்டாகத் திரும்பி வரும் ரிட்டர்ன் தொல்லை கிடையாது.

பள்ளி வழியில் நீண்ட நாள் நடந்த இதழ் என்றால் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்'. 1987-ல் தொடங்கிய சிறுவர் அறிவியல் மாத இதழ். அதைச் சுமந்தவர்கள் ஆசிரியர்களும் இயக்கத் தொண்டர்களும். துளிர் இல்லங்கள், துளிர் திறனறிதல் தேர்வு என்று இதழைச் சுற்றி ஒரு நடமாட்டம் இருந்தது. 2022-ல் பள்ளிக் கல்வித் துறையே 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' என்று அரசுப் பள்ளி மாணவர்களுக்கான இதழ்களைக் கொண்டுவந்தது. பள்ளிக்குள் இதழ் வருவது இன்று புதிதில்லை. புதிதாக வருபவர் அவற்றோடு மோதாமல், அவை தொடாத இடத்தைத் தேட வேண்டும். முழுக்க முழுக்கப் படக்கதையாலேயே பாடம் சொல்லும் இதழுக்கு அந்த இடம் இருக்கிறது.

ஜப்பானிலும் பள்ளி வழியாகப் பெரிய அளவில் ஒரு முயற்சி நடந்தது. காக்கென் நிறுவனத்தின் 'காகாகு', 'காக்குஷு' ஆகிய மாத இதழ்கள் இரண்டும் வகுப்புவாரியாகப் பள்ளிகளிலேயே விற்கப்பட்டன. அறிவியல் இதழோடு செய்து பார்க்கும் கருவி ஒன்றும் இலவசமாக வரும். 1970களின் தொடக்கத்தில் பள்ளிக்குள் வணிகம் கூடாது என்ற எதிர்ப்பு எழுந்தது. நிறுவனம் உடனே பெண்களைச் சேர்த்து வீடுவீடாக விநியோகித்தது. 'காக்கென் அத்தை' என்று பிள்ளைகள் அவர்களுக்காகக் காத்திருப்பார்கள். 1979-ல் இரு இதழ்களும் சேர்ந்து 67 லட்சம் பிரதியைத் தொட்டன. ஒரு வழி அடைபட்டபோது இன்னொரு வழி கையில் இருந்ததால் இதழ் பிழைத்தது. ஒரே துறையின் ஒரே ஆணையை நம்பி இதழ் தொடங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தாளும் தகடும்

இனி செலவுக்கு வருவோம். விலை ஊருக்கு ஊர் மாறும், அளவு மாறாது.

20க்கு 30 அங்குல டபுள் கிரவுன் தாள் ஒன்றை இருபுறமும் அச்சிட்டு மடித்தால் கிரவுன் கால் அளவில் 16 பக்கம் கிடைக்கும். அதுதான் ஒரு ஃபாரம். 500 தாள் ஒரு ரீம். ஆக 2,000 பிரதிக்கு உள்பக்கத்துக்கு 4 ரீம், சேதாரம் தனி. அட்டைக்கு அதே அளவுத் தாளில் நாலு அட்டை வெட்டலாம். கெட்டித் தாள் ஒரு ரீம் போதும். நடுவில் இரண்டு பின் அடித்தால் 20 பக்க இதழ் தயார். உள்ளே 60 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 60 கிராம்) தாள், அட்டைக்கு 130 ஜிஎஸ்எம் என்று வைத்தால் ஒரு பிரதி சுமார் 36 கிராம் இருக்கும். தபாலில் அனுப்பும்போது இந்த எடை பெரிய உதவி. 17-ஆவது பக்கம் வேண்டும் என்று ஆசைப்பட்டால் அரை ஃபாரம் கூடும், தாள் வீணாகும், எடை ஏறும். கதையை ஃபாரத்துக்குள் அடக்கத் தெரிந்தவரே சிக்கனமான பத்திரிகை ஆசிரியர்.

முழுத்தாள் ஓடும் இயந்திரத்தில் ஒரு ஃபாரத்துக்குக் கறுப்பு மட்டும் என்றால் 2 அச்சுத் தகடு. கறுப்போடு இன்னொரு வண்ணம் என்றால் 4. முழு வண்ணம் என்றால் 8. தகட்டுச் செலவு 500 பிரதிக்கும் 5,000 பிரதிக்கும் ஒன்றுதான். சிறிய எண்ணிக்கையில் முழு வண்ணம் ஒவ்வொரு பிரதியின் தலையிலும் கனமாக உட்காரும். அட்டை நாலு வண்ணம், உள்ளே கறுப்பும் ஒரு வண்ணமும் என்பது சிறு முதலுக்குப் பொருந்தும் ஏற்பாடு. ஒரு வண்ணத்தையே புத்தியாகப் பயன்படுத்தலாம். ரத்த ஓட்டத்துக்குச் சிவப்பு, நீருக்கு நீலம் என்று பாடமே அந்த வண்ணத்தைக் கேட்கும்.

வரைய, எழுத, பக்கம் அமைக்க கிருதா, இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ் ஆகிய மென்பொருள்கள் இலவசம். எக் டைப் குழு உருவாக்கிய 'பலூ தம்பி' எழுத்துரு உரையாடல் பலூன்களுக்கு நன்றாக ஒத்துவரும், அதுவும் இலவசம். பிரதம் புக்ஸின் 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்க் கதைகள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. எழுதியவர், வரைந்தவர் பெயரைப் போட்டுப் பயன்படுத்தலாம். சட்டப்படி இதழின் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். 1867-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வந்த புதிய பதிவுச் சட்டம் 2024 மார்ச் முதல் நடப்பில் இருக்கிறது, விண்ணப்பம் இணையவழி. பதிவு இருந்தால்தான் அஞ்சல் சலுகைக்கும் போக முடியும்.

சேமிக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு: ஓவியருக்கும் கதை எழுதுபவருக்குமான சன்மானம். 'மாணவர்களுக்கான சேவை' என்று சொல்லி இரண்டு இதழ் இலவசமாக வரையவைக்கலாம். மூன்றாவது இதழுக்கு அவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். பக்கத்துக்கு இவ்வளவு என்று சிறிய தொகையானாலும் பேசி, இதழ் வந்த வாரத்திலேயே கொடுத்துவிட வேண்டும்.

ஒரு பக்கம் எப்படி உருவாகிறது

ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு நிலத்தடி நீர் பற்றிச் சொல்ல வேண்டும். சோம்பேறித்தனமான பக்கம் இப்படி இருக்கும்: கண்ணாடி போட்ட மாமா கரும்பலகை முன் நிற்பார், 'குழந்தைகளே, நிலத்தடி நீர் என்பது' என்று பலூன் நிறையப் பேசுவார்.

இன்னொரு விதமாகவும் செய்யலாம். முதல் கட்டம்: ஒரே தெரு, எதிரெதிர் வீடு. இங்கே குழாயில் தண்ணீர் பீறிடுகிறது. அங்கே மோட்டார் காற்றைத்தான் கக்குகிறது. காலிக் குடத்தோடு நிற்கும் சிறுமி கேட்கிறாள்: "ஒரே தெருதானே?" அடுத்த கட்டம் பக்கத்தின் மேலிருந்து கீழ்வரை நீளம். பூமியைக் கத்தியால் வெட்டியதுபோல் படம். மேலே மண், அதன் கீழே உதிர்பாறை, அப்புறம் கடும்பாறை. இரண்டு ஆழ்துளைகளிலும் கேசிங் குழாய் கடும்பாறையைத் தொட்டதும் நின்றுவிடுகிறது. கீழே வெறும் துளை. பாறையில் கோணல்மாணலாக ஒரு வெடிப்பு. அது ஒரு துளையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. மற்றதை ஒரு முழம் தள்ளி விலகிப் போகிறது. வெடிப்பில் மட்டும் நீல நிறம். ஒரு சொல்லும் வேண்டாம். பிள்ளை விரலால் அந்த நீலக்கோட்டைத் தொட்டுக்கொண்டே போய் விடையைத் தானே கண்டுபிடிக்கும். கடைசிக் கட்டத்தில் சிறுமி கேட்கிறாள்: "இன்னும் நூறு அடி போட்டா வந்துடுமா?" விடையைச் சொல்லாமல் பக்கம் முடிகிறது. மறுநாள் வகுப்பில் ஆசிரியருக்கு வேலை இருக்கிறது.

இப்படி ஒரு பக்கத்துக்கு முதலில் கதைப்படி எழுத வேண்டும்: எந்தக் கட்டத்தில் என்ன தெரிகிறது, யார் என்ன பேசுகிறார். பிறகு எழுத்தைக் கட்டத்தில் பொருத்திப் பார்த்துவிட்டே ஓவியம். படம் முடிந்தபின் எழுத்தைத் திணித்தால், தமிழ்ச் சொற்களின் நீளத்துக்குப் பலூன் போதாமல் பாத்திரத்தின் முகத்தை மறைத்துவிடும். ஆங்கிலப் படக்கதைகளைத் தமிழாக்கியவர்கள் எல்லாரும் பட்ட பாடு இது.

அச்சுக்குப் போகுமுன் இரண்டு பேர் பார்க்க வேண்டும். பாடம் தெரிந்த ஒருவர் தவறு தேடுவார். அந்த வகுப்புப் பிள்ளை ஒருவர் புரியாத இடத்தைச் சொல்வார். படத்தில் வரும் பிழை எழுத்துப் பிழையைவிட ஆழமாகப் பதியும். 'அமர் சித்திரக் கதை'யை ஆராய்ந்த நந்தினி சந்திரா, கார்லின் மெக்லெய்ன் போன்றோர் அதன் படங்களில் நிறம், சாதி, பெண், மதம் ஆகியவை சித்தரிக்கப்பட்ட விதத்தை விரிவாக விமர்சித்திருக்கிறார்கள். அரக்கருக்குக் கறுப்பு, நல்லவருக்கு வெளுப்பு என்று வண்ணம் தீட்டியதைத் தலைமுறைகள் கேள்வியில்லாமல் பார்த்து வளர்ந்தன. வெயிலில் கறுத்த பிள்ளைகள் நிறைந்த வகுப்புக்குப் போகும் இதழ், விஞ்ஞானியையும் மருத்துவரையும் எந்த நிறத்தில் வரைகிறது என்று ஒவ்வொரு இதழிலும் பார்க்க வேண்டும்.

அச்சகமே வேண்டாம் என்றால்

இவ்வளவுக்கும் பணம் இல்லையா? தில்லியில் சரத் சர்மாவின் 'வேர்ல்ட் காமிக்ஸ் இந்தியா' அதற்கும் வழி காட்டியிருக்கிறது. இரண்டு ஏ4 தாளை ஒட்டி நாலு கட்டத்தில் ஒரு கதை. வரைபவர் ஓவியர் அல்லர். அந்த ஊர்க்காரரே, மாணவரே. ஜெராக்ஸ் எடுத்துப் பேருந்து நிழற்குடையிலும் பள்ளிச் சுவரிலும் ஒட்டுகிறார்கள். ஒரே தாளை மடித்து எட்டுப் பக்கக் குட்டிப் புத்தகமும் செய்யலாம். வினாத்தாள் அடிக்கும் ரைசோ இயந்திரம் உள்ள ஊரில் 300 பிரதி ஒரு மதியத்து வேலை. பெரிய இதழ் தொடங்குமுன் எந்தக் கதை பிள்ளைகளிடம் எடுபடுகிறது, எந்த ஆசிரியர் அடுத்தது எப்போது என்று கேட்கிறார் என்பதை இந்தச் சுவரொட்டிகள் காட்டிவிடும். மாரிஸ் கையில் வைத்திருந்த டம்மியின் வேலையை இங்கே சுவர் செய்கிறது.

அறக்கட்டளையாரிடமும் அவையோரிடமும் வைக்கும் வேண்டுகோள் இவ்வளவே. ஒரு ஒன்றியத்தைத் தேர்ந்தெடுங்கள். மாநிலம் முழுவதும் வேண்டாம். அங்குள்ள பள்ளிகளில் இதழைக் கையில் வாங்கி வகுப்பில் பிரிக்கும் ஆசிரியர்களின் பட்டியலை முதலில் எடுங்கள். ஆறு இதழுக்கான கதைப்படி தயாராகாமல் முதல் இதழை அச்சுக்கு அனுப்பாதீர்கள். நன்கொடை தர விரும்பும் முன்னாள் மாணவர்கள் வெளியீட்டு விழாவுக்குப் பணம் தருவதை விட்டு, தாங்கள் படித்த பள்ளியில் ஒரு வகுப்புக்கு ஓராண்டுச் சந்தாவை முன்பணமாகக் கட்டுங்கள். எத்தனை பிரதி அடிப்பது என்ற கேள்விக்கு அச்சகத்தில் சொல்ல வேண்டிய எண் அதிலிருந்தே கிடைத்துவிடும்.